புகைக்கு ஒரு வழி

சென்ற வாரம் ஒளியேறிய நம்முடைய மன்றத்தில், உயரமான கட்டடங்களில் தீ மூண்டால் என்ன ஆகும் என்று பேசினோம். விளம்பர நேரம் போக நமக்குக் கிடைத்தது இருபத்திரண்டு நிமிடம்தான். சொல்ல நினைத்ததில் பாதி என் கையில் இருந்த குறிப்புத்தாளிலேயே தங்கிவிட்டது. அதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். நானும் அம்மாவும் 22 மாடிக் கூட்டுரிமைக் கட்டடம் ஒன்றில் 12ஆம் மாடியில் குடியிருக்கிறோம். 11ஆம் மாடியில் அத்தை வீடு. ஒரு மாடிதானே என்று படியில்தான் ஏறி இறங்குவோம். சன்னல் இல்லாத உள்மாடிப்படி. அதன் கதவு கனமானது. விட்டால் தானாக மூடிக்கொள்ளும். கையில் குழம்புச் சட்டியுடன் வரும் அம்மாவுக்கு அதைத் திறப்பது பெரும்பாடு. அதனால் பழைய நாளிதழ்களைக் கட்டி, கதவு மூடாதபடி முட்டுக் கொடுத்து வைத்தேன். அந்தக் கட்டில் இந்தப் பத்திரிகையும் இருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இரவு, 9ஆம் மாடியில் ஒருவர் அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு அயர்ந்து தூங்கிவிட்டார். தீ அந்தச் சமையலறையைத் தாண்டவில்லை. தீயணைப்பாளர்கள் வந்த சில நிமிடங்களில் அணைந்தும் விட்டது. ஆனால் அந்த மாடியிலும் யாரோ எங்களைப் போலவே படிக்கட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். புகை படிக்கட்டுக்குள் புகுந்து மேலேறி, நான் திறந்து வைத்திருந்த கதவு வழியாக எங்கள் நடைபாதைக்கு வந்தது. என்ன வாடை என்று பார்க்க அம்மா வாசல் கதவைத் திறந்தார். அவருக்கு ஆஸ்துமா உண்டு. இரண்டு மூச்சுதான் இழுத்திருப்பார். இரண்டு இரவு மருத்துவமனையில் கழிந்தன.

மேலே ஏறி வந்த தீயணைப்பாளர் அந்த நாளிதழ்க் கட்டைக் காலால் நகர்த்திவிட்டு, இது யாருடையது என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. இந்த மாடிப்படிக்குள் காற்றை அழுத்திச் செலுத்த ஒரு பெரிய மின்விசிறி இருக்கிறது, அது தள்ளும் காற்றெல்லாம் இந்தக் கதவு வழியாக வீணாகப் போய்க்கொண்டிருந்தது என்று அவர் சொன்னபோதுதான், அப்படி ஒரு மின்விசிறி இருப்பதே எனக்குத் தெரிந்தது. அது எதற்கு, யார் கண்டுபிடித்தார்கள் என்று தேடத் தொடங்கியதில் கிடைத்ததுதான் இந்தக் கதை.

கதை ஒரு நாடகக் கொட்டகையில் தொடங்குகிறது.

அமெரிக்காவின் சிகாகோ நகரம், 1903 டிசம்பர் 30. இரோகுவாய் என்ற புத்தம்புதிய நாடக அரங்கு. திறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. ‘முற்றிலும் தீப்பிடிக்காதது’ என்று விளம்பரம் செய்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையின் பகல் காட்சி என்பதால், வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். இருக்கைகள் நிறைந்து, பின்னால் நின்றுகொண்டும் பார்த்தார்கள். மேடையில் ‘மிஸ்டர் புளூபியர்ட்’ என்ற இசை நாடகம் நடந்துகொண்டிருந்தது. மேடை விளக்கு ஒன்றிலிருந்து தெறித்த பொறி திரைச்சீலையில் பற்றியது. மேடைக்கும் அவைக்கும் நடுவே இறங்க வேண்டிய கல்நார்த் திரை பாதியில் சிக்கி நின்றுவிட்டது.

அந்த மேடைக்கு மேலே கூரையில் புகைவழிகள் இருந்தன. மேடையில் தீ பிடித்தால் புகையும் வெப்பமும் மேலே போய்விட வேண்டும் என்பதற்காகவே அவற்றை வைத்திருந்தார்கள். அந்தப் பாடம் ஐரோப்பாவில் முன்பே கற்ற பாடம். 1881இல் வியன்னாவின் ரிங் அரங்கு எரிந்தபோது அதிகாரபூர்வக் கணக்கிலேயே 384 பேர் இறந்திருந்தார்கள். ஆகவே சிகாகோவில் திட்டம் சரிதான், வரைபடமும் சரிதான். வேலை முடியுமுன்னே அவசர அவசரமாக அரங்கைத் திறந்ததால், அந்தப் புகைவழிகள் திறக்க முடியாதபடி அடைத்துக் கட்டியபடியே கிடந்தன.

உயிர் தப்ப ஓடிய நடிகர்கள் மேடையின் பின்பக்கப் பெரிய கதவைத் திறந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெளியே கடுங்குளிர்காலம். சில்லென்ற காற்று உள்ளே பாய்ந்தது. மேலே கூரை அடைபட்டிருக்கிறது, பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது, முன்னால் பாதி இறங்கிய திரைக்குக் கீழே இடைவெளி இருக்கிறது. தீயும் புகையும் அந்த இடைவெளியில் நுழைந்து, மேல்தட்டு இருக்கைகளை நோக்கி ஒரே வீச்சாகப் பாய்ந்தன. வெளியேறும் கதவுகள் பல பூட்டிக் கிடந்தன. சிலவற்றின் தாழ்ப்பாளைத் திறக்கும் விதம் யாருக்கும் தெரியவில்லை. குறைந்தது 602 பேர் மாண்டார்கள். கட்டடம் என்னவோ பெரிதாகச் சேதமடையவில்லை. விளம்பரம் சொன்னதில் அந்த மட்டும் உண்மை இருந்தது.

இதைப் படித்தபோது எனக்குப் பாட்டியின் சமையலறைதான் நினைவுக்கு வந்தது. பாட்டி ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர். விறகடுப்பு. சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டிருப்பார்களாம். புகை அதன் வழியே போய்விடும். சாரல் மழை அடித்தால் சாக்கை வைத்து அந்த இடைவெளியை அடைப்பார்கள். அடைத்த சிறிது நேரத்தில் நின்றுகொண்டிருப்பவர்களுக்குக் கண் எரியும். ‘தரையில உட்காருடி, எரியாது’ என்பாராம் கொள்ளுப்பாட்டி. பொறியாளர்கள் பின்னாளில் கணக்குப் போட்டுச் சொன்னதும் இதேதான். சூடான புகை கனம் குறைந்தது, மேலே ஏறும், கூரையில் முட்டியதும் பக்கவாட்டில் பரவும், போக வழியில்லை என்றால் ஒரு மெத்தை போலத் தடித்து, மெல்லக் கீழே இறங்கும். அந்த மெத்தை நம் மூக்கு உயரத்துக்கு வரும்வரைதான் நமக்கு அவகாசம். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார்.

சிகாகோ விபத்துக்குப் பிறகு அதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஜான் ரிப்லி ஃப்ரீமன். தண்ணீர்ப் பொறியியலில் பெயர் பெற்றவர். ஆலைகளுக்குத் தீக் காப்புறுதி வழங்கும் நிறுவனங்களை நடத்தியவர். நாடக அரங்குகளில் உயிர்களைக் காப்பது பற்றி 1906இல் அவர் ஒரு நூலே வெளியிட்டார். மேடைக்கு மேலே புகைவழி இருந்தால் மட்டும் போதாது, அது தானாகத் திறக்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்தியவற்றுள் ஒன்று. நெருப்பைக் கண்டவுடன் ஓடிப்போய்க் கயிற்றை இழுக்க யாராவது நிற்பார்கள் என்று நம்பக்கூடாது அல்லவா? அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. புகைவழியின் மூடியை இழுத்துப் பிடித்திருக்கும் கம்பியில், ஏறத்தாழ 74 பாகை செல்சியசில் உருகிவிடும் உலோகத் துண்டு ஒன்றை இணைத்துவிடுவார்கள். வெப்பம் ஏறினால் துண்டு உருகும், மூடி திறந்துகொள்ளும். மின்சாரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். பெரிய மேடைகள் என்றால் மேடைத் தரையின் பரப்பில் இருபதில் ஒரு பங்காவது கூரையில் புகைவழி இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கட்டட விதிகள் இன்றும் சொல்கின்றன.

இடையில் ஒரு செய்தி. அன்று அந்த நாடகத்துக்குப் போக இருந்து, வேலை காரணமாகப் போக முடியாமல் பிழைத்தவர் கார்ல் பிரின்ஸ்லர் என்ற இரும்புச் சாமான் விற்பனையாளர். கதவில் குறுக்காக ஒரு கம்பி, உடம்பால் மோதினாலே திறந்துகொள்ளும் ஏற்பாடு - இன்று திரையரங்குகளில் நாம் யோசிக்காமல் தள்ளித் திறக்கிறோமே, அது அவருடைய முயற்சியில் சந்தைக்கு வந்ததுதான்.

நாடக அரங்கு கற்ற பாடத்தைத் தொழிற்சாலை கற்க இன்னும் ஐம்பது ஆண்டு ஆயிற்று. 1953 ஆகஸ்ட் 12ஆம் தேதி, மிச்சிகன் மாநிலத்தின் லிவோனியாவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார் பாகத் தொழிற்சாலை எரிந்தது. 34 ஏக்கருக்கும் அதிகமான பரப்பு, ஒரே கூரையின் கீழ். நடுவில் தீத்தடுப்புச் சுவரும் இல்லை, கூரையில் புகை வெளியேற வழியும் இல்லை. கூரைக்கு அடியில் திரண்ட வெப்பத்தில் மேலே பூசியிருந்த தார் உருகி உள்ளே சொட்டியது. புகை மூட்டத்தில் தீயணைப்பாளர்களால் உள்ளே நெடுந்தூரம் செல்ல முடியவில்லை. அதற்குப் பிறகுதான் பெரிய ஆலைகளின் கூரைகளில் புகைவழி வைப்பது பரவலாயிற்று. எவ்வளவு பெரிய வழி வேண்டும்? அதற்குக் கணக்கு வேண்டுமே! பிரிட்டனின் தீ ஆய்வு நிலையத்தில் பி. எச். தாமஸ் என்ற அறிவியலாளரும் அவருடைய சகாக்களும் 1963இல் அந்தக் கணக்கை வெளியிட்டார்கள். தீ எவ்வளவு பெரியது, கூரை எவ்வளவு உயரம் என்று தெரிந்தால், தரைக்கு மேலே மனிதன் நடக்கும் உயரத்துக்குத் தெளிந்த காற்று நிற்க எத்தனை சதுர மீட்டர் திறப்பு தேவை என்று சொல்லிவிடலாம். கீழே புதுக் காற்று நுழைய வழி இல்லையென்றால் மேலே எத்தனை திறப்பு வைத்தும் பயனில்லை என்பதும் அந்தக் கணக்குக்குள் அடக்கம்.

இதுவரை சொன்னதெல்லாம் கூரைக்கு நேர் கீழே எரிந்த தீ. இருபது மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் தீப்பிடித்தால் கூரையைத் திறந்து என்ன பயன்? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது நம் ஊர் வருகிறது.

1972 நவம்பர் 21ஆம் தேதி காலை, ராஃபிள்ஸ் பிளேசில் இருந்த ராபின்சன்ஸ் பேரங்காடி எரிந்தது. 1858இல் தொடங்கிய கடை அது. பெரியவர்கள் பலருக்கு அந்தக் கரும்புகை இன்னும் நினைவிருக்கும். மின்கசிவில் தொடங்கிய தீ கட்டடத்தை முழுமையாக விழுங்கியது. தண்ணீர்க் குழாய்களில் போதிய அழுத்தம் இல்லாமல் தீயணைப்பாளர்கள் திணறினார்கள். ஒன்பது பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர், மின்சாரம் நின்றதால் மின்தூக்கிகளுக்குள் சிக்கிக்கொண்டவர்கள். தீ என்றால் மின்தூக்கியில் ஏறாதீர்கள் என்று நம் புளோக்குகளில் எழுதி ஒட்டியிருக்கிறார்களே, அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்த ஒன்பது பேர் நினைவு வருகிறது. மின்தூக்கி ஓடும் குழி, கீழிருந்து மேல் வரை தடையில்லாத ஒரு புகைபோக்கி. நாம்தான் அதை வாகனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ராபின்சன்ஸ் தீக்குப் பிறகு, 1974இல், சிங்கப்பூரின் முதல் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பு வெளிவந்தது. எல்லைக்கு அப்பால் கோலாலம்பூரிலும் 1976இல் கேம்பல் வணிக வளாகம் எரிந்தது. பிறகு 1984இல் வந்த மலேசியாவின் சீர்மைக் கட்டட விதிகளில் புகைவழிகளுக்கும் மாடிப்படிக் காற்றோட்டத்துக்கும் தனித்தனி விதிகளே உள்ளன.

ராபின்சன்ஸ் எரிந்த அதே 1972இல், அமெரிக்காவில் இன்னொரு வேலை நடந்தது. நியூயார்க்கில் இடிக்கப்படவிருந்த 22 மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றைப் பொறியாளர்கள் கேட்டு வாங்கி, உள்ளே வேண்டுமென்றே தீ மூட்டினார்கள். மாடிப்படிக்குள் பெரிய மின்விசிறியால் காற்றைச் செலுத்தி, படிக்கட்டின் காற்றழுத்தம் மற்ற அறைகளைவிடச் சற்று அதிகமாக இருக்கும்படி செய்தார்கள். புகை கதவிடுக்கில் வந்து முட்டிப் பார்த்தது. உள்ளே வர முடியவில்லை. புகையை வெளியேற்றுவதற்குப் பதில், அதை நுழையவிடாமலே செய்வது! அதே ஆண்டு அட்லாண்டாவிலும் பழைய ஹோட்டல் ஒன்றில் இத்தகைய சோதனை நடந்தது.

ஆனால் சோதனையில் தெரிந்தது சட்டமாகிக் கட்டடங்களுக்கு வந்து சேர்வதற்குள் இன்னொரு நவம்பர் 21 வந்துவிட்டது. ஆண்டு 1980. லாஸ் வேகசில் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டல், 26 மாடி. கட்டி ஏழு ஆண்டுகூட நிறையவில்லை. காலை ஏழு மணியளவில், சூதாட்டக்கூடத்தை ஒட்டிய உணவகத்தில் மின்கோளாறால் தீ மூண்டது. சூதாட்டக்கூடத்தில் நீர்த்தெளிப்பான்கள் இல்லை. தீ கீழ்த்தளத்தோடு நின்றது, மேல் மாடி அறைகளுக்குப் போகவே இல்லை. இருந்தும் இறந்த 85 பேரில் பெரும்பாலோர் மேல் மாடிகளில் தங்கியிருந்தவர்கள். தீப்பிழம்பைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். மின்தூக்கிக் குழிகள், மாடிப்படிகள், நிலநடுக்கத்தைத் தாங்கக் கட்டடத்தில் விட்டிருந்த இடைவெளிகள், குளிர்சாதனக் குழாய்கள் என்று மேலே போகும் வழி ஒன்றைக்கூடப் புகை விடவில்லை. மாடிப்படிக்கு ஓடியவர்களில் சிலருக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. படிக்குள் புகை இருப்பதைக் கண்டு திரும்பினால், கதவு உள்பக்கமிருந்து திறக்கவில்லை.

அந்த அறிக்கையின் சுருக்கத்தை நான் படித்தது மருத்துவமனையில், அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. குளிர்சாதனக் குளிரிலும் எனக்கு வியர்த்தது.

இனி எங்கள் கட்டடத்து மின்விசிறிக்கு வருகிறேன். காற்றழுத்தம் என்றதும் ஏதோ பெரிய விசை என்று நினைக்காதீர்கள். இத்தகைய மாடிப்படிகளில் வேண்டிய அழுத்த வேறுபாடு 50 பாஸ்கல். ஒரு தட்டில் ஐந்து மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் என்ன அழுத்தமோ, அவ்வளவுதான். ஆனால் அதுவே இரண்டு சதுர மீட்டர்க் கதவின் மீது விழும்போது ஏறத்தாழ பத்துக் கிலோ பாரம் ஆகிவிடுகிறது. அழுத்தம் குறைந்தால் புகை நுழையும், கூடினால் பாட்டியும் பிள்ளையும் கதவைத் திறக்க முடியாது. அந்த இரண்டுக்கும் நடுவில் பிடித்த கணக்கு அது. ஆட்கள் ஓடும்போது ஒரே சமயத்தில் இரண்டு மூன்று கதவுகள் திறந்திருக்கலாம் என்று கணித்துத்தான் மின்விசிறியின் அளவை முடிவு செய்கிறார்கள். மாடிக்கு மாடி நாளிதழ்க் கட்டும் பூந்தொட்டியும் மிதிவண்டியும் முட்டுக் கொடுத்து நின்றால் எந்த மின்விசிறியாலும் முடியாது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுபோல் அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

சிகாகோவில் திறந்திருக்க வேண்டியதை மூடி வைத்தார்கள். நான் மூடியிருக்க வேண்டியதைத் திறந்து வைத்தேன்.

வீவக புளோக்குகளில் வசிப்பவர்கள், எங்களுக்கு மின்விசிறி எல்லாம் கிடையாதே என்று கேட்கலாம். பழைய புளோக்குகளின் நீண்ட நடைபாதையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் முழுவதும் திறந்த வெளி. வீட்டிலிருந்து வரும் புகை நடைபாதையில் தங்காமல் வெளியே போய்விடுகிறது. என்னைக் கேட்டால், இதைவிட நம்பகமான புகைவழி கிடையாது. பழுதாவதற்கு அதில் எதுவும் இல்லை. அதையும் மூங்கில் தட்டி, பிளாஸ்டிக் விரிப்பு, பழைய அலமாரி என்று நாமே அடைத்துவிடுகிறோம். நடைபாதையில் 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்ற விதி, ஆள் ஓடுவதற்கு. பொருள் எரிந்தால் வரும் புகையை யார் அளப்பது?

பேரங்காடிகளில் படப்பிடிப்புக்குப் போகும்போது நான் இப்போது அண்ணாந்து பார்க்கிறேன். நடுமுற்றத்தைச் சுற்றி மேல் மாடிகளில் கண்ணாடிப் பட்டையோ துணித் திரையோ தொங்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அலங்காரம் என்றுதான் நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். புகை கடைகளுக்குள் பரவாமல் தடுத்து, கூரையில் இருக்கும் மின்விசிறிக்கோ திறப்புக்கோ அதை அனுப்பிவைக்கும் தடுப்பு அது.

மன்றத்துக்கு வந்திருந்த நேயர் ஒருவர், நிகழ்ச்சி முடிந்து ஒலிவாங்கியைக் கழற்றும்போது என்னிடம் கேட்டார்: ‘வாசலில் புகை வந்துவிட்டது, படிக்கும் போக முடியவில்லை. அப்போது என்ன செய்வது?’ ஒளிபரப்பில் இதற்கு இடம் கிடைக்கவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். வாசல் கதவைத் திறக்காதீர்கள், திறந்திருந்தால் மூடுங்கள். கதவுக்குக் கீழே இருக்கும் இடைவெளியை ஈரத் துணியால் அடையுங்கள். 995 எண்ணை அழைத்து புளோக், மாடி, வீட்டு எண் மூன்றையும் சொல்லுங்கள். சன்னல் பக்கம் போய், வெளியே இருப்பவர்கள் பார்க்கும்படி நில்லுங்கள். புகை அறைக்குள் வந்துவிட்டால் தரையோடு தாழ்ந்து இருங்கள். கொள்ளுப்பாட்டி சொன்ன அதே இடம்.

எங்கள் மாடிப்படிக் கதவை நிர்வாகத்தினர் சரிபார்த்து, மூடும் விசையை ஓரளவு தளர்த்திக் கொடுத்தார்கள். இருந்தாலும் அம்மா இப்போது குழம்புச் சட்டியை மின்தூக்கியில்தான் கொண்டுபோகிறார். ஒரு மாடிக்கு மின்தூக்கியா என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பழைய நாளிதழ்களைக் காராங்குனிக்காரர் மாதம் ஒருமுறை வந்து எடுத்துப்போகிறார்.